தலைக்குக் குளிக்காத வெள்ளிக்கிழமை

அன்று மாலை பால்கனியில் இருந்தவர்கள்: சிவா அண்ணை, அவர் மனைவி வசந்தி அக்கா, நான், தொட்டிகளில் மூன்று கஞ்சாச் செடிகள், ஓரமாக ஒரு கறிவேப்பிலை. இல்லாதவர்கள் மூன்று பேர். எதிர்வீட்டு டீட்டர் இல்லை. ஆனால் பேச்சு முழுக்க அவரைப் பற்றித்தான். எங்கள் ஆய்வகத் தலைவி ஹன்னா இல்லை. இருந்திருந்தால் என்னை வாசலிலேயே நிறுத்தியிருப்பார். திண்டுக்கல்லில் இருக்கும் என் அம்மாவும் இல்லை. நடந்ததற்கெல்லாம் காரணம் அவர்தான் என்று பிற்பாடு ஒரு ஜெர்மன் படிவத்தில் எழுத்துப்பூர்வமாகப் பதிவானது.

நான் ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே நகருக்குப் போனது ஆறு வாரம் மோப்பம் பிடிப்பதற்காக. இதை இப்படிச் சொன்னால் எங்கள் தெருவில் யாரும் நம்பமாட்டார்கள். அப்பா பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். வேளாண் கல்லூரி, அதன்பின் மல்லிகையின் வாசனைச் சேர்மங்களில் ஆராய்ச்சி என்று போய்க்கொண்டிருந்தவனுக்கு, வாசனைக்காகவே கஞ்சாவை இனம் கலந்து வளர்க்கும் ஆய்வகம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. போதை பெயருக்குத்தான் இருக்கும் வகை அது. அவர்களுக்கு வேண்டியது வாசம் மட்டும், தேநீருக்கும் சென்ட்டுக்கும்.

அம்மாவிடம் "கஞ்சா" என்று எப்படிச் சொல்வது? செடியின் படத்தை மட்டும் அனுப்பினேன். "புளிச்சக்கீரை மாதிரி இருக்கேப்பா" என்றார். "அது மாதிரிதாம்மா" என்றேன். பொய்யில்லை, இலை அப்படியேதான் இருக்கும். மறுநாளே, மகனுடைய கீரை ஆராய்ச்சிக்கு ஜெர்மன்காரன் விமானச் செலவு கொடுத்திருக்கிறான் என்று தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. கடைந்து சாப்பிடுகிறார்களா, பொரியல் செய்கிறார்களா என்று பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சந்தேகமும் வந்தது.

போன இரண்டாம் நாளே தொலைந்துபோனேன். அந்த ஊர் டிராம் கடைத்தெரு நடுவில் சாதுவாக ஓடிக்கொண்டிருக்கும். பிறகு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ரயில் தண்டவாளத்தில் ஏறி ரயிலாக மாறிவிடும். நம் ஊரில் பஸ் தடம் மாறிப் போகும். பாதி வழியில் லாரியாக மாறாது. ஆய்வகத்துக்கு ஆறாவது நிறுத்தம் என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீடுகள் தீர்ந்தன, திராட்சைத் தோட்டம் வந்தது, பிறகு பைன் மரம் மூடிய மலை வந்தது. எதிரே ஒருவர் இயர்போன் இல்லாமல் போனில் தமிழ் நகைச்சுவை பார்த்துக்கொண்டிருந்தார். தெய்வமே என்று "அண்ணே" என்றேன்.

நிதானமாக நிமிர்ந்து பார்த்தார். "தமிழோ? எங்க போறியள் தம்பி?"

சொன்னேன்.

"அது எப்பவோ போயிட்டுது. இது இப்ப ட்ராம் இல்லை, றெயின். பயப்பிடாதையுங்கோ, நானும் இறங்கிறன்."

அவர்தான் சிவா அண்ணை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கிடங்கு ஒன்றில் சுமைதூக்கி வண்டி ஓட்டுகிறவர். அந்த மலையடிவாரத்துக் கடையில்தான் நல்ல தொட்டி மண் கிடைக்கும் என்று அதை வாங்கப் போய்க்கொண்டிருந்தார். மூட்டையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்துப் பேக்கரியில் எனக்குக் காப்பியும் உப்புத் தூவிய ரொட்டியும் வாங்கிக் கொடுத்து, என்ன வேலை என்று விசாரித்தார். நான் சொன்னதும் மண் மூட்டையைக் கீழே வைத்துவிட்டார்.

"மணத்துக்குப் படிப்பு இருக்கோ?"

"இருக்குண்ணே. நான் அதுலதான் பிஎச்.டி. பண்றேன்."

"அப்ப வாற வெள்ளிக்கிழமை நீங்கள் எங்கட வீட்டை வாறியள்."

ஆய்வகம் நான் நினைத்ததுபோல் இல்லை. ஒரு நீண்ட மேசையில் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்து, கொண்டுவரும் பூங்கொத்தை விரலால் கசக்கி முகர்வோம். அடுத்ததற்குப் போகுமுன் மூக்கைச் சுத்தப்படுத்த அவரவர் முழங்கையின் உள்மடிப்பை முகர வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, படித்த பன்னிரண்டு பேர் தங்கள் கையையே மோந்துகொண்டிருப்பதாகத் தெரியும். மதிப்பெண் கூடிய செடிகளை ஒன்றோடொன்று கலப்பார்கள். மற்றவை பொடியாக்கப்பட்டு உரக்குழிக்குப் போகும். எந்தச் சேர்மம் எவ்வளவு என்று இயந்திரம் சொல்லிவிடும். ஆனால் அது எதைப் போல மணக்கிறது என்று இயந்திரத்துக்குத் தெரியாது. அதற்குத்தான் நாங்கள்.

ஏழாம் எண் வம்சத்தின் வாசத்துக்கு யாராலும் பெயர் வைக்க முடியவில்லை. ஒருவர் தரை துடைக்கும் மருந்து என்றார், ஒருவர் பைன் மரம் என்றார், இன்னொருவர் கொஞ்சம் யோசித்து "பழைய பள்ளிக்கூடம்" என்றார். நான் முகர்ந்ததும் எழுதினேன்: மாங்காயைப் பறித்தவுடன் காம்பில் வழியும் பால். ஹன்னா அதை மூன்று முறை உச்சரிக்கச் சொன்னார். மறுநாள் மதிப்பெண் தாளில் "மாங்காய்ப் பால்" என்று ஜெர்மன் எழுத்தில் ஒரு கட்டம் புதிதாக வந்திருந்தது. அந்தத் தாள் ஒன்றை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். கேட்டால் தந்திருப்பார்கள். கேட்கவில்லை.

இந்த வேலையில் பெரிய சிக்கல் ஆண் செடிதான். வாசம் பெண் பூவில் இருக்கிறது. ஆணிடம் இருப்பதெல்லாம் மகரந்தத் தூள்தான். அவன் என்ன வாசத்தைக் கடத்துகிறான் என்பது மகள்கள் பிறந்து, வளர்ந்து, பூத்தபிறகுதான் தெரியும். நம் ஊரில் மாப்பிள்ளையைச் சம்பளத்தை வைத்து முடிவு செய்துவிடுகிறோம். இங்கே பேத்திவரை காத்திருக்கிறார்கள். அந்தத் தூள் கொஞ்சம் பட்டாலே பெண் செடி மணக்கிற வேலையை விட்டுவிட்டு விதை கட்டப் போய்விடும். அதனால் ஆண்களுக்குத் தனி அறை, இரட்டைக் கதவு, காற்றுக்கு வடிகட்டி. வெளியே வரும்போது அங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு, தலைமுடி உட்படக் குளிக்க வேண்டும். பதினேழு பக்க விதிமுறை. அதை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவன் நான் ஒருவன்தான் என்று பிறகு தெரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு ஏழாம் எண் ஆண்களிடம் தூள் தட்டிச் சேகரிக்கும் வேலை. தலையில் தேங்காயெண்ணெய். அந்த ஊர்க் குளிரில் காலையில் அது கல்லாகிவிடும், வெந்நீரில் பாட்டிலை நிறுத்தித்தான் எடுக்க வேண்டும். எடுத்த சிரமத்துக்குக் கொஞ்சம் தாராளமாகவே தேய்த்துவிடுவேன். அந்த வழவழப்பில் அவர்கள் கொடுத்த மெல்லிய தலையுறை நிற்கவே இல்லை. நாலைந்து முறை இழுத்துவிட்டேன், பிறகு விட்டுவிட்டேன்.

குளியலறைக்கு வந்தபோது மாலை ஆறு மணி. வெளியே வெயில் அடித்தது. ஆனால் திண்டுக்கல்லில் இரவு ஒன்பதரை. பொழுது சாய்ந்தபின் தலைக்கு ஊற்றாதே, வேற்றூர்த் தண்ணீர் வேறு, சளி நெஞ்சில் இறங்கிவிடும், சனிக்கிழமை காலையில் குளித்தால் போதும் என்பது அம்மாவின் சட்டம். பதினேழு பக்கம் எழுத்தில் இருந்தது. அம்மாவின் சட்டம் உடம்பில் இருந்தது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கழுத்துக்குக் கீழே மிகச் சுத்தமாகக் குளித்தேன். சட்டைப்பையில் இருந்த சீப்பால் நன்றாக வாரிக்கொண்டு அண்ணை வீட்டுக்குப் புறப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை என்பதால் மரக்கறிதான். புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி, ஒரு சம்பல். அக்கா வைத்துக்கொண்டே இருந்தார். அண்ணை விஷயத்துக்கு வந்தார்.

இப்போது அங்கே சட்டப்படியே, வயது வந்த ஒருவர் வீட்டில் மூன்று செடி வரை வளர்க்கலாம். அண்ணைக்குப் புகை ஆகாது, அக்கா விடவும் மாட்டார். வளர்த்தது பந்தயத்துக்காக. அந்தக் கட்டடத்தில் ஐந்து குடித்தனம். வாரம் ஒரு வீடு முறைவைத்துப் படிக்கட்டைக் கூட்டித் துடைக்க வேண்டும்; முறை வந்த வீட்டுக் கதவில் ஓர் அட்டை தொங்கும். தபால் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்ற டீட்டர், கைப்பிடியில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, குறை இருந்தால் சீட்டு எழுதிக் கதவிடுக்கில் செருகுவார். அவரும் மூன்று செடி வைத்திருந்தார். யாருடைய செடி நன்றாக மணக்கிறதென்று செப்டம்பரில் நடக்கும் கட்டட விருந்தில் தீர்ப்பு. நடுவர், கீழ்வீட்டு லோட்டே அம்மையார், எண்பது வயது, மூன்றாம் மாடியில் யாராவது சிகரெட் பற்றவைத்தால் கீழே இருந்தே கண்டுபிடிக்கிற மூக்கு. தோற்றவர் ஒரு வருடம் தன் முறையோடு ஜெயித்தவர் முறையையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். டீட்டர் இதை எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, கீழே அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்திருந்தார்கள்.

"இருபத்தொன்பது வருசமாக் கூட்டுறன் தம்பி. ஒரு வருசமாவது அவன் எனக்குக் கூட்டட்டும்" என்றார் அண்ணை.

அக்கா சொதிச் சட்டியை மேசையில் வைத்தார். கொஞ்சம் சத்தமாகவே வைத்தார்.

நான் எழுந்து செடிகளிடம் போனேன். தொழில் என்று வந்துவிட்டால் நான் அரைகுறையாகச் செய்வதில்லை. ஒவ்வொரு பூங்கொத்துக்குள்ளும் தலையை நன்றாகக் கவிழ்த்து, கண்ணை மூடி முகர்ந்தேன். "எலுமிச்சைண்ணே. பின்னாடி லேசா பெட்ரோல்."

"பெற்றோல் ஷெட்டில தேசிக்காய் வெட்டின மாதிரி. அதுதானே நான் சொன்னனான்" என்று அக்காவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "தம்பி, அவன்ரயையும் ஒருக்கா மணந்து பார்த்திட்டு வாங்கோ. நீங்கள் ஆரெண்டு அவனுக்குத் தெரியாது."

ஒற்றனாகப் போவதற்கு அக்கா ஒரு தட்டு வடை கொடுத்தார். டீட்டருக்கு வடை பிடித்திருந்தது, விருந்தாளியும் பிடித்துப்போனது. அவராகவே பால்கனிக்கு அழைத்துப்போய், செடிகளைப் பேர் சொல்லி அறிமுகப்படுத்தினார். அவருடைய மூன்றுக்கும் அதே மரியாதையோடு தலையைக் கவிழ்த்தேன். பூண்டு, அதன் அடியில் பச்சைக் கொத்தமல்லி. திரும்பிவந்து சொன்னதும் அண்ணை முகம் மலர்ந்தது. "பூண்டோ? அப்ப வெண்டிட்டம்."

அடுத்த வார இறுதியில் மியூனிக்கில் ஐ.டி. வேலையில் இருக்கும் கல்லூரி நண்பனைப் பார்க்கப் போனேன். ரயில் ஒன்றரை மணி நேரம் தாமதம். அறிவிப்பில் மன்னிப்பு மட்டும் சரியான நேரத்துக்கு வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த மூதாட்டி என் பக்கம் இரண்டு முறை மூச்சை இழுத்துவிட்டு, நல்ல வாசனைத் திரவியம், எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டார். இன்னும் விற்பனைக்கு வரவில்லை என்றேன். நண்பனோ, என்ன வேலை செய்கிறாய் என்று வீட்டுக்காரரிடம் சொல்லித் தொலைக்காதே என்று வாசலிலேயே எச்சரித்தான்.

மூன்றாம் வாரம் அண்ணை போன் செய்தார். "தம்பி, செடி சொல்லுக் கேக்குதில்லை. ஒருக்கா வந்து பாருங்கோ."

போய்ப் பார்த்தேன். பூக்களில் வெள்ளையாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய இழைகள் பழுப்பாகிச் சுருண்டிருந்தன. பூவின் அடி உப்பியிருந்தது. எலுமிச்சை போய்விட்டது, பெட்ரோலும் போய்விட்டது. காய்ந்த புல் வாசம். ஓர் உப்பலை நகத்தால் கிள்ளினேன். உள்ளே பச்சையாக ஒரு விதை.

அண்ணை மழையைத் திட்டிக்கொண்டிருந்தார். மழை மறுத்துப் பேசாது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் அந்தப் பழி மழையோடு போயிருக்கும். "பாத்துட்டுச் சொல்றேண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் ஆய்வகத்தில் சட்டைப்பைச் சீப்பை எடுத்தேன். அந்தச் சீப்பைக் கழுவியது எப்போதென்று எனக்கு நினைவில்லை. பற்களுக்கிடையில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைக் கண்ணாடித் துண்டில் தடவி நுண்ணோக்கியில் வைத்தேன். உருண்டை உருண்டையாக மகரந்தம். தண்ணீர் பட்டால் செத்துப்போகும் தூள், எண்ணெய்க்குள் சுகமாக உட்கார்ந்து பயணம் செய்திருக்கிறது. செயற்கையாக மகரந்தம் சேர்க்க அவர்கள் தூரிகை வைத்திருக்கிறார்கள். என் தலை அதைவிடப் பெரிய தூரிகை.

ஹன்னாவிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் கத்தவில்லை. படிவம் ஒன்றை எடுத்தார்.

"எத்தனை செடி?"

"ஆறு."

"தலையை ஏன் கழுவவில்லை?"

"மாலையில் தலைக்குக் குளிக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார்."

பேனா நின்றது. "உங்கள் அம்மா இங்கே வந்திருக்கிறாரா?"

"இல்லை. இந்தியாவில் இருக்கிறார்."

காரணம் என்ற கட்டத்தில் "தாய்" என்று எழுதினார். இனி ஆண் அறைக்குள் எனக்கு அனுமதி இல்லை. அதைவிட முக்கியம், ஏழாம் எண் என்பது ஆறு வருட உழைப்பு. ஒரு விதைகூட வெளியே தங்கக் கூடாது. விருந்தன்று தானே வந்து செடிகளை எடுத்துக்கொள்வதாகவும், அதற்குள் உரியவர்களிடம் நானே சொல்லிவிட வேண்டும் என்றும் சொன்னார். மறுநாள் ஆண் அறைக் கதவில் ஒரு புதிய படம் ஒட்டியிருந்தது: ஒரு தலை, அதன்மேல் தண்ணீர். தலை கொஞ்சம் என் சாயலில்தான் இருந்தது. அன்றைக்கே ஒரு ஷாம்பு வாங்கினேன்.

அண்ணையிடம் நின்றபடியே சொன்னேன். எண்ணெய், தலையுறை, துண்டு, அம்மா, எல்லாம். பாதியிலேயே அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அண்ணை சிரிக்கவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப அவன்ரயும்?"

"அதுவும்தாண்ணே. நீங்கதான அனுப்புனீங்க."

"ஆறும்?"

"ஆறும்."

மூன்றும் மூன்றும் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு, "வசந்தி, தம்பிக்கு இன்னும் கொஞ்சம் புட்டுப் போடும்" என்றார்.

டீட்டரைப் பார்க்க இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் அழைப்புமணியில் விரல் வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். இதை எழுதாமல் விட்டிருக்கலாம்.

விருந்து ஒரு சனிக்கிழமை மதியம், கட்டடத்தின் பின்முற்றத்தில். காலையிலேயே தலைக்குக் குளித்திருந்தேன். மேசையில் ஒரு வெங்காயக் கேக், மூன்று வீட்டு மூன்று உருளைக்கிழங்கு சாலட். மூன்றில் எது அசல் என்று ஒரு மெல்லிய போர் நடந்துகொண்டிருந்தது. அக்கா பொரித்த, சோமாசி மாதிரி இருக்கும் பற்றீஸ் பத்து நிமிடத்தில் காலி. இரு பக்கத்துச் செடிகளும் கீழே வந்தன. தன் செடியின் நிலை டீட்டருக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் அண்ணையின் முகத்தில் இருந்த நிம்மதிதான் அவருக்குப் புரியவில்லை. லோட்டே அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒன்றை முகர்ந்தார், மற்றதை முகர்ந்தார், மறுபடி முதலாவதுக்கு வந்தார்.

"இரண்டும் வைக்கோல்" என்றார்.

நான் எழுந்து நின்றேன். கொஞ்சம் ஆங்கிலத்திலும் மிச்சத்தை என் ஜெர்மனிலும் சொன்னேன். முடித்தபோது யாரும் எதையும் மென்றுகொண்டிருக்கவில்லை. டீட்டர் படிக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் தலையைப் பார்த்தார்.

"இந்தத் தலையா?"

"ஆமாம். மன்னிக்க வேண்டும்."

"அப்படியென்றால் தகப்பன் யார்?"

காகிதப் பைகளோடு நின்றிருந்த ஹன்னா, "அது ஆய்வக ரகசியம்" என்றார்.

"என் பால்கனியில் நடந்திருக்கிறது. எனக்கே ரகசியமா?"

முதலில் சிரித்தது லோட்டே அம்மையார்தான். பிறகு எல்லோரும். சிரிப்பினூடே ஹன்னா ஆறு செடிகளையும் வெட்டிப் பைகளில் அடைத்து முத்திரை ஒட்டினார்.

ஆனால் பந்தயம் பாக்கி இருந்தது. டீட்டர் பலகையிலிருந்து தாளை எடுத்துவந்து இரண்டு முறை படித்தார். இருவரும் தோற்றால் என்ன செய்வதென்று அதில் இல்லை. நேர்மையான மனிதர், இருவருமே ஒரு வருடம் கூட்டுவோம், மேல்பாதி எனக்கு, கீழ்பாதி உனக்கு என்றார். அண்ணை பெருந்தன்மையோடு கையை நீட்டினார்.

அப்போதுதான் வசந்தி அக்கா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு ஜெர்மனில் பேசத் தொடங்கினார். அத்தனை வருடத்தில் அவர் வணக்கத்துக்கும் நன்றிக்கும் மேல் பேசி அந்தக் கட்டடத்தார் கேட்டதில்லையாம். சொன்னது இதுதான்: எங்கள் முறைக்கு இருபத்தொன்பது வருடமாகப் படியைக் கூட்டியது நான். டீட்டரின் சீட்டுகளை எடுத்துப் படித்ததும் நான். இவர் பந்தயத்தில் வைத்தது என் முதுகை.

பிறகு அண்ணை பக்கம் திரும்பினார். "ஒரு நாளாவது அந்தத் தும்புத்தடியைத் தொட்டிருக்கிறியளோ? எல்லாருக்கும் முன்னால சொல்லுங்கோ பாப்பம்."

அண்ணை நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டார். டீட்டர் தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பிடியில் ஓட்டுகிற அதே விரல்.

தனக்கும் இந்த முழங்காலை வைத்துக்கொண்டு படி துடைக்கப் பல வருடமாகவே முடியவில்லை, மற்றவர்கள் ஏதாவது நினைப்பார்களே என்று சொல்லவில்லை என்றார் லோட்டே அம்மையார். மற்ற இரண்டு வீட்டாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் அதே கதை. இருபத்தொன்பது வருடமாக ஒவ்வொரு வீடும் மற்ற நான்கு வீடுகளுக்குப் பயந்து கூட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பந்தயத் தாளைத் திருப்பி, அதன் பின்பக்கத்திலேயே புதுத் தீர்மானத்தை எழுதினார் டீட்டர். அவர் கையெழுத்து அழகாக இருந்தது.

நான் ஊர் திரும்பிய மாதம் அக்காவிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. புதன்கிழமைதோறும் ஒரு துப்புரவு நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள், இருபது நிமிடத்தில் முடித்துவிட்டுப் போகிறார்கள். டீட்டர் இப்போதும் கைப்பிடியில் விரலை ஓட்டுகிறார், ஆனால் சீட்டை எந்தக் கதவில் செருகுவதென்று தெரியவில்லை. பின்னால் அண்ணையின் குரல், இது முதலிலேயே தெரிந்திருந்தால் மண் வாங்க அந்த மலையடிவாரம் வரை போயிருக்கமாட்டேன் என்றது. செலவு எவ்வளவு அக்கா என்று கேட்டு எழுதினேன். பதில் உடனே வந்தது.

வீட்டுக்கு மாதம் பதினான்கு யூரோ.